ஆள் வந்தால் சூடாகும் ரேடியேட்டர்

வளைகுடாவில் வீடுகளுக்கு வெப்பம் ஏற்றும் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். "பாலைவனத்துல எதுக்குய்யா ஹீட்டரு? ஐஸ்பெட்டி வித்தேன்னு சொன்னாலும் நம்பலாம்" என்று என் சம்பந்தியே கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். சவூதியின் வடக்கே தபூக் என்று ஓர் ஊர் இருக்கிறது, மார்கழி தை மாதங்களில் விடியற்காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஆடை மாதிரி உறைந்து கிடக்கும், பக்கத்து மலையில் பனிகூட விழும் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பாயசத்தைக் குடித்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

நான் ஓய்வு பெற்று அரியலூர்ப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகும் பழைய கம்பெனிப் பையன்கள் வாட்ஸ்அப்பில் என்னை விடுவதில்லை. இப்போது அங்கே எல்லா வீட்டிலும் ஜன்னலுக்குக் கீழே படுத்துக் கிடக்கிற பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, சுவரோடு நெட்டுக்குத்தாக நிற்கிற புது மாதிரியை மாட்டச் சொல்கிறார்களாம். "அண்ணே, நெட்டை ரேடியேட்டர் அந்தக் காலத்துலயே மாட்டுன ஆளு நீங்கதானாமே, என்ன கவனிக்கணும்னு சொல்லுங்க" என்று ஒருவன் கேட்டான். குரல் பதிவில் சொல்ல ஆரம்பித்தேன். பேரப்பிள்ளைகள் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரேடியேட்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொதிகலன் டீசலில் ஓடும். அதில் சூடான தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போய், சுவரோரம் இருக்கும் இரும்புத் தட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். அந்தத் தட்டுத்தான் ரேடியேட்டர். அதன் காலடியில் ஒரு குமிழ் இருக்கும். அறை போதிய அளவு சூடானதும் குமிழ் அதை உணர்ந்து தண்ணீரைத் தானே அடைத்துவிடும், குளிர்ந்ததும் தானே திறந்துவிடும். இந்தக் குமிழை மறக்க வேண்டாம்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு துபாய்க்குப் போனவன். சோனாப்பூர் கேம்ப்பில் படுத்து எழுந்து, பெரிய கட்டடங்களுக்குக் குளிர்த் தண்ணீர்க் குழாய் இழுத்தேன். காண்டிராக்ட் முடிந்து ஊரில் சும்மா இருந்தபோது ஏஜெண்ட் கூப்பிட்டார். "பச்சத் தண்ணி ஓட்டுனவனுக்குச் சுடுதண்ணி ஓட்டத் தெரியாதா?" என்று சொல்லி தபூக்குக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். ஓட்டத் தெரியவில்லை என்பது போய் இறங்கிய முதல் வாரத்திலேயே கையில் கொப்புளமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் நபீல் சொல்லிக்கொடுத்ததுதான்.

நபீல் எங்கள் இன்ஜினீயர். சிரியாக்காரர், ஐம்பதை நெருங்கியவர். அங்கே இன்ஜினீயரை முஹந்திஸ் என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். மனிதர் கத்தவே மாட்டார். கத்துகிற மேலாளரோடு காலம் தள்ளிவிடலாம், கத்தாதவரோடு முடியாது. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். இரண்டாவது தடவை துடைத்தால் நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைத் தேடிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவோம்.

பழைய ரேடியேட்டரைக் கழற்றுவது எப்படி என்பதை அவர் ஒரு சடங்கு மாதிரி வைத்திருந்தார். கொதிகலனை அணைத்துவிட்டு ஆறவிட வேண்டும். இரண்டு பக்க வால்வையும் மூட வேண்டும். திரும்பி வரும் பக்கத்து வால்வை மூடும்போது எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், திறக்கும்போது அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளுக்கும் தண்ணீர் சரியாகப் போகும். நட்டைத் தளர்த்துவதற்கு முன்னால் கீழே தட்டு, தட்டுக்குக் கீழே துண்டு, துண்டுக்குக் கீழே பிளாஸ்டிக். ரேடியேட்டருக்குள்ளிருந்து வருவது தண்ணீர் இல்லை, தார் மாதிரி கறுப்புச் சேறு. அந்த வீடுகளில் சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் விரித்திருப்பார்கள். அதில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியாது. அந்தத் துண்டைக்கூட நபீல் தன் வீட்டிலிருந்து துவைத்து மடித்துக் கொண்டுவருவார். எங்கள் துண்டுகளின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

மாட்டி முடித்துச் சூடும் வந்துவிட்டது என்றால் நாங்கள் "கலாஸ்" என்று, அதாவது முடிந்தது என்று, சொல்லிப் பெட்டியை மூடுவோம். அவர் விடமாட்டார். வீட்டு ஆட்கள் எங்கே உட்காருவார்களோ அங்கே போய் ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார வேண்டும் என்பார். அங்கே வரவேற்பறையில் தரையோடு மெத்தை போட்டுச் சாய்ந்து உட்காருவார்கள். நாங்களும் வேலை உடுப்போடு அந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, கால் குளிர்கிறதா முதுகு குளிர்கிறதா என்று அவருக்குச் சொல்ல வேண்டும். "ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து என்ன பிரயோஜனம்? ரேடியேட்டருக்கா குளிர்கிறது?" என்று கேட்பார். எனக்கு இது முதலில் கோமாளித்தனமாகப் பட்டது. ஆனால் அவர் பார்த்த வேலையில் குறை சொல்லி மறுபடி கூப்பிட்டவர்கள் குறைவு.

இனி அந்த வீட்டுக் கதை. அது எங்கள் கஃபீலின் சொந்த வீடு. கஃபீல் என்றால் நம் விசாவுக்குப் பொறுப்பாளி. அங்கே நாம் இருப்பதற்கான அடையாள அட்டையை, அதாவது இக்காமாவை, அவர் புதுப்பித்தால் இருக்கலாம், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். எங்கள் கஃபீலை அபூ சாலிஹ் என்று கூப்பிடுவோம். மோசமான மனிதர் இல்லை. முன்கோபம், அவ்வளவுதான். ஆனால் முன்கோபக்காரர் கையில் நம் இக்காமா இருந்தால் அவ்வளவுதான் என்று விட்டுவிட முடியாது.

அவருடைய தங்கை தலைப்பிரசவம் முடிந்து தாய்வீடான அங்கேதான் இருந்தார். நம் ஊரைப் போலத்தான், அங்கேயும் நாற்பது நாள் தாயையும் பிள்ளையையும் கதகதப்பாக வைத்திருப்பார்கள். பிள்ளை பார்க்க உறவுப் பெண்கள் வந்தபடி இருப்பார்கள். அவர்கள் உட்கார மெத்தை போட வேண்டிய சுவரைப் பழைய ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு கிடந்தது. தங்கை போனில் படம் பார்த்து, ஆள் உயரத்துக்கு நெட்டையாக நிற்கிற ரேடியேட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கதவை ஒட்டிய குறுகிய சுவரில் அது நின்றால் ஜன்னல் பக்கம் முழுதும் மெத்தைக்குக் கிடைத்துவிடும். அண்ணன்காரர் அடுத்த வாரமே ரியாத்திலிருந்து வரவழைத்துவிட்டார்.

வேலைக்குப் போனவர்கள் நானும் பழனிவேலும். பழனி பரமக்குடிப் பக்கத்துக்காரன், என்னைவிட பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், நல்ல கைவேலைக்காரன். குழாய் வேலை நான் பார்த்தேன். ரேடியேட்டரைச் சுவரில் ஏற்றி முடுக்கியது அவன். நெட்டை ரேடியேட்டரின் பாரமெல்லாம் மேலே இருக்கிற இரண்டு கொக்கிகளில்தான் தொங்கும். அந்த ஊர்ச் சுவரோ உள்ளே பொள்ளலான கல். வெறும் திருகாணியை நம்பினால் ஒருநாள் ரேடியேட்டர் பிள்ளைமேல் விழும். பழனி சுவருக்கு மறுபக்கம் வரை துளைத்து, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டான். கீழே இரண்டு குழாயையும் சேர்த்து, தண்ணீர் ஏற்றி, உச்சியில் தங்கிய காற்றைத் திருகு வழியாக வெளியே விட்டோம். தலையிலிருந்து கால்வரை ஒரே சூடு. பெண்கள் இருக்கிற பகுதி என்பதால் அன்றைக்கு மட்டும் நபீலின் டீ குடிக்கும் சோதனை நடக்கவில்லை. அந்த அறையில் அந்நிய ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார முடியுமா?

மறுநாள் காலையே அபூ சாலிஹிடமிருந்து போன். "பாரித்!" என்றார். குளிர்கிறதாம். இரவெல்லாம் அறை ஐஸ் மாதிரி இருந்ததாம், தங்கை பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

போனோம். அந்த வீட்டுக்குள் போவதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் போனில் சொல்ல வேண்டும். வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். உள்ளே பெண்கள் அறையை ஒழுங்கு செய்துவிட்டு வேறு அறைக்குப் போவார்கள். பிறகு அபூ சாலிஹ் முன்னால் நடந்துகொண்டே "தரீக்! தரீக்!" என்று குரல் கொடுப்பார், வழி விடுங்கள், ஆண்கள் வருகிறார்கள் என்று. நடையில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்கும். நாங்கள் தலையைக் குனிந்தபடி அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவோம்.

அறைக்குள் நுழைந்தால் ரேடியேட்டர் கொதிக்கிறது! கையை வைக்க முடியவில்லை. அறை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகச் சூடு வெளியேறுகிறது என்று நபீல் முடிவு செய்து ரப்பர் பட்டை ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். அடுத்த நாளும் "பாரித்!" பம்ப்பைப் பார்த்தோம், கொதிகலனைப் பார்த்தோம், குமிழைக் கழற்றி மாட்டினோம். எல்லாம் சரியாக இருந்தது. நாங்கள் நிற்கிறவரை ரேடியேட்டர் தங்கமான பிள்ளை. நாங்கள் கேட்டைத் தாண்டினால் அன்று இரவே செத்துவிடும்.

இதற்குள் குழந்தைக்கு மூக்கடைப்பு வந்து, பால் குடிக்க முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டது. அபூ சாலிஹுக்கு முதல் மருமகன். அவர் பழனியை நோக்கித்தான் விரல் நீட்டினார், ஏனென்றால் கடைசியில் ஸ்பேனர் பிடித்து நின்றவன் அவன்தான். "வியாழக்கிழமைக்குள் இந்த அறை சூடாகவில்லையென்றால் இவனுக்கு எக்ஸிட்" என்று நபீலிடம் சொல்லிவிட்டார். எக்ஸிட் என்றால் ஒரேயடியாக ஊருக்கு. பழனியின் இக்காமா அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் அவருக்குச் சிரமமே இல்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

பழனி ஊரில் தம்பியோடு சேர்ந்து மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவன். அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, "உன் கடையும் வேண்டாம், உன் மூஞ்சியும் வேண்டாம்" என்று விட்டெறிந்துவிட்டு விமானம் ஏறியவன். திரும்பிப் போனால் அந்தத் தம்பியின் கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதை நினைத்தே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "செத்தாலும் அவன்ட்டப் போயி வேல கேக்க மாட்டேன்ணே" என்று ரூமில் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தடவை போனபோது நபீல் கொதிகலன் அறையிலிருந்தார். அபூ சாலிஹ் எங்களை அறையில் விட்டுவிட்டு யாரோ விருந்தாளி வந்தார் என்று வாசலுக்குப் போனார். ரேடியேட்டர் வழக்கம்போல் கொதித்தது. பழனி அதை ஓர் உதை உதைக்கப் போய்க் காலை இழுத்துக்கொண்டான்.

"நாம வந்தா சுடுது, போனாக் குளிருதுங்குறாய்ங்க. இதுக்குப் பேய் கீய் பிடிச்சிருச்சாண்ணே?"

நடைப்பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"பேய் இல்ல அண்ணா. உடுப்பு."

நாங்கள் இருவரும் சிலையாகிவிட்டோம். அந்த வீட்டில் வேலை செய்கிற பெண். ராணி என்று வீட்டார் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறோம். தட்டில் டீ வைத்து வாசல் ஓரமாக நகர்த்திவிட்டுப் போகும் கையை மட்டும்தான் பார்த்திருந்தோம். தமிழ் என்று தெரியாது. பேச்சைக் கேட்டால் மட்டக்களப்புப் பக்கம்.

"என்ன உடுப்பும்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மேடம்ட அபாயா. பகூர் புகை காட்டிப்போட்டு இதிலதான் கொழுவுற. வாசம் நல்லா நிக்குமாம். பிள்ளைட உடுப்பும் இதிலதான் காயப் போடுற. நீங்க வாறீங்க எண்டு போன் வந்தா நான் எல்லாத்தையும் எடுத்து அலுமாரிக்குள்ள வைக்கிற. ஆம்பிளையள் வாற இடத்தில பொம்பிளைட உடுப்பு கிடக்கலாமா? நீங்க போனாப்பிறகு திருப்பிக் கொழுவுவன்."

ரேடியேட்டரை உச்சியிலிருந்து காலடிவரை பார்த்தேன். ரேடியேட்டரின் உச்சியில் ஹேங்கரை மாட்டினால் அபாயா என்கிற அந்தக் கறுப்பு அங்கி தரை வரைக்கும் தொங்கும். காலடியில் இருக்கிற குமிழ் துணிக்குள் மூடுண்டு போகும். துணிக்குள் தேங்கிய சூட்டை உணர்ந்து, அறையே சூடாகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரை அடைத்துவிடும். நாங்கள் வருகிறோம் என்றதும் துணியை எடுத்துவிடுவார்கள். நாங்கள் வாசலில் காத்திருக்கிற நேரத்தில் குமிழ் திறந்து, ரேடியேட்டர் மறுபடி சுட ஆரம்பித்துவிடும். ஜன்னலுக்குக் கீழே படுத்துக் கிடந்த பழைய ரேடியேட்டரில் எதையும் தொங்கவிட முடியாது, அதனால் இத்தனை காலம் வம்பில்லை.

"அண்ணா, நான் சொன்ன எண்டு சொல்லிப்போடாதீங்க. உங்களோட கதைச்சது தெரிஞ்சா பாபா என்னை வைக்க மாட்டார். இந்த மாசம்தான் எனக்கு லீவு தாறன் எண்டிருக்காங்க. என்ட மகள் பெரியபிள்ளை ஆகிட்டாள். நான் போய்த்தான் சடங்கு செய்யவேணும்." வீட்டு எஜமானை அங்கே பாபா என்பார்கள். அதற்குள் வாசலில் அபூ சாலிஹின் செருப்புச் சத்தம் கேட்டது. திரை அசைந்து நின்றது.

வண்டியில் வந்து ஏறியதும் பழனி குதித்தான். "சொல்லிருவோம்ணே! இப்பவே சொல்லிருவோம்!"

"சொல்லு. ரேடியேட்டர்ல துணி தொங்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாரு. தங்கச்சி ரூமுல என்ன தொங்குதுங்கறதை நீ எப்படா பாத்தேன்னு கேப்பாரு. என்ன சொல்லுவ?"

அந்த வீட்டில் வேலைக்காரப் பெண்ணோடு பேசக் கூடாது என்பதை முதல் நாளே அபூ சாலிஹ் எங்களிடம் சொல்லியிருந்தார். அவள்தான் சொன்னாள் என்றால் அவள் லீவு போய்விடும். அவள் சொல்லவில்லை என்றால் நாங்கள் பெண்கள் அறையை எட்டிப் பார்த்தவர்களாவோம், அதற்கு எக்ஸிட் தேவலை. கேம்ப் வாசலில் பழனி வண்டிக் கதவைத் திறந்தான். இறங்கும்போது, "அந்தப் புள்ள சடங்குக்குப் போகட்டும்ணே, நா எந் தம்பிகிட்டயே போயித் தொலையுறேன்" என்றான். "பெருசா தியாகி மாதிரி பேசாத, போய்ச் சோத்தத் தின்னு" என்று அதட்டினேன்.

நபீலைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். எங்களுக்குள் பேச்செல்லாம் பாதி அரபியும் பாதி ஹிந்தியுமாகத்தான் நடக்கும். "முஹந்திஸ், அந்த அறைக்குத் தானாக அடைக்கிற குமிழ் வேண்டாம். கையால் திருகுகிற சாதாரணக் குமிழ் போடுவோம்" என்றேன்.

"ஏன்? அது நன்றாகத்தானே வேலை செய்கிறது?"

"நன்றாகத்தான் செய்கிறது. ஆனால் அந்த அறைக்கு வேண்டாம்."

"உனக்கு எப்படித் தெரியும், சாமி?" என் பெயர் சாமிக்கண்ணு. அங்கே எல்லோருக்கும் நான் சாமிதான், தொழுகையை விடாத அபூ சாலிஹுக்கும்.

"தெரியும்."

"யார் சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைக்கப் போகிறார் என்று பயந்து நின்றேன். துடைக்காமல் மாட்டிக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குச் சாதாரணக் குமிழ் எடுத்துக்கொள்" என்றார்.

மறுநாள் குமிழை மாற்றும் வேலை கைகழுவுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. பழைய குமிழின் வளையத்தைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும், சாதாரணக் குமிழை அந்த இடத்தில் வைத்துத் திருகினால் ஆயிற்று. இனி மேலே எது தொங்கினாலும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அபூ சாலிஹ் கதவருகே நின்று பார்த்தார். "இவ்வளவுதானா? இதற்கா என் மருமகன் இத்தனை நாள் நடுங்கினான்? யார் தப்பு இது?" என்று பழனி பக்கம் திரும்பினார்.

நபீல் நடுவில் வந்து நின்றார். "குமிழைத் தேர்ந்தெடுத்தது நான். இந்த அறைக்கு அது பொருந்தாது. தப்பு என்னுடையது. பையன் சொன்னதைச் செய்தான்" என்றார். சத்தமில்லாமல், எப்போதும் பேசுகிற அதே குரலில். நான் அந்த மனிதரின் காலில் விழுந்திருப்பேன். அந்த ஊரில் அதுவும் கூடாது.

அறை அன்று இரவே சூடாகிவிட்டது. பழனியின் இக்காமாவைப் புதுப்பித்தார்கள். நபீலை அதற்குப் பிறகு வீட்டு வேலைகளுக்கு அனுப்பவில்லை. ஊருக்கு வெளியே இருந்த கிட்டங்கியில் குழாய், வால்வு எண்ணி வைக்கிற வேலைக்குப் போட்டார்கள். பையன்கள் எல்லோரும், "முஹந்திஸுக்கு வயசாயிருச்சு, குமிழ்கூட எடுக்கத் தெரியல" என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு எனக்கும் பழனிக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. எவனையாவது அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

தங்கையின் நாற்பது நாள் முடிகிற சமயத்தில், அதே வீட்டு முற்றத்தில் ஒழுகிய ஒரு குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தோம். அபூ சாலிஹ் தங்கையின் அறையிலிருந்து வெளியே வந்து எங்களிடம் உற்சாகமாகச் சொன்னார்.

"சாமி, அதே மாதிரி இன்னொன்று அம்மாவின் அறைக்கு வேண்டுமாம். தங்கை சொல்கிறாள். அபாயா காய்வதற்கு அவ்வளவு நன்றாக இருக்கிறதாம். முதலில் துணி போட்டால் கொஞ்ச நேரத்தில் ஆறிப்போகுமாம், இப்போது ஆறுவதே..." அங்கே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பழனியைப் பார்த்தார். "துணி போட்டாலா?"

பழனி குழாய்க்குள் தலையை விட்டுவிடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான். நான் ஸ்பேனரைத் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். தினமும் மாலையில் மருமகனைக் கொஞ்சுவதற்காக அந்த அறைக்குப் போய்வந்தவர் அவர். ரேடியேட்டர்மேல் தங்கையின் அங்கி தொங்கியதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். பெண்களின் துணி பெண்களின் துணிதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

"நபீலுக்கு இது தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"அதை முஹந்திஸிடம்தான் கேட்க வேண்டும், பாபா" என்றேன்.

அவர் அங்கேயே நின்று நபீலுக்குப் போன் செய்தார். நபீல் கிட்டங்கித் தூசியோடு வந்து சேர்ந்தார். அபூ சாலிஹ் அவரை வரவேற்பறையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அப்படிப்பட்ட வீடுகளில் காவா என்கிற அரபிக் காப்பியை மகனோ வேலைக்காரனோதான் ஊற்றுவார்கள். அன்றைக்கு அவரே எழுந்து குடுவையை எடுத்து, நபீலுக்குத் தன் கையால் ஊற்றினார். பிறகு எனக்கும் ஊற்றினார். பழனிக்கு ஊற்றும்போது அவன் பதறி எழப்போய்ப் பாதி கம்பளத்தில் சிந்தியது. அபூ சாலிஹ் கம்பளத்தைப் பார்த்தார், மறுபடி ஊற்றினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது ரேடியேட்டரை மாட்டப் போனபோது நபீலும் எங்களோடு வந்தார். ராணி அப்போது லீவில் மட்டக்களப்புக்குப் போயிருந்தாள். அபூ சாலிஹ் முன்னால் "தரீக்! தரீக்!" என்று போனார், கதவுகள் சாத்தப்பட்டன. பழனி போல்ட்டெல்லாம் முடுக்கி முடித்து, எந்தக் குமிழ் போடுவது என்று நபீலைப் பார்த்தான். அவன் ஒரு கையில் தானாக அடைக்கிற குமிழ், மறு கையில் சாதாரணக் குமிழ்.

நபீல் இரண்டு குமிழையும் பார்த்தார். அபூ சாலிஹிடம், "உங்கள் அனுமதியோடு, உங்கள் தங்கையிடம் ஒரு கேள்வி. நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்" என்றார். அபூ சாலிஹ் கொஞ்சம் தயங்கி, சரி என்று தலையசைத்தார். நபீல் நடைக்கு வந்து, சாத்தியிருந்த கதவிலிருந்து நாலு அடி தள்ளி நின்று, கதவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சகோதரி, இதன்மேலும் துணி போடுவீர்களா?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறோம், அந்தக் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டோம். கணீரென்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசிய குரல்.

"போடுவோம். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே!"

பழனி தானாக அடைக்கிற குமிழைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மற்றதை மாட்ட ஆரம்பித்தான்.